நீள ஓட்டமும் கூடவே வரும் தண்ணீரும்

ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. நீள ஓட்டத்தில் தண்ணீர் சுமப்பதில் உள்ள சங்கடங்கள் எல்லாமே இந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன. உடல் எடையில் ஒரு சதவீத அளவுக்குச் சுமை கூடினால், ஓடுவதற்குச் செலவாகும் சக்தியும் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். 60 கிலோ எடையுள்ளவர் ஒன்றரை லீட்டரைக் கட்டிக்கொண்டு புறப்பட்டால், முதல் அடியிலிருந்தே இரண்டரை சதவீதம் அதிகமாக உழைக்கிறார். அதைவிடப் பெரிய தொல்லை, தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது என்பது. நிமிடத்துக்கு 170 அடி என்று வைத்தால் இரண்டு மணி நேரத்தில் 20,000 அடிகளுக்கு மேல் வரும். ஒவ்வோர் அடிக்கும் போத்தல் ஒருமுறை எழும்பி விழும். அரை சென்டிமீட்டர் ஆட்டம்கூட அத்தனை தடவை நடந்தால் தோல் உரிந்துவிடும்.

ஆகவே மூன்று கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு தண்ணீர் வேண்டும்? வழியில் எங்கே கிடைக்கும்? மீதியை உடம்பில் எந்த இடத்தில் ஆடாமல் வைக்கலாம்? பலர் மூன்றாவதில் தொடங்கி, விளம்பரத்தில் பார்த்த பெரிய பையை முதலில் வாங்கிவிடுகிறார்கள். முதல் இரண்டுக்கும் விடை தெரிந்தால், வாங்க வேண்டிய பொருள் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்.

எவ்வளவு தண்ணீர்?

குளிர்ந்த லண்டன் காலையில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீர் சுமக்கவே தேவையில்லை. புறப்படுமுன் வீட்டில் ஒரு கிளாஸ் குடித்தால் போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் சுமக்கும் பேச்சு வருகிறது. அங்கே ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது. ஒரே வேகத்தில் அருகருகே ஓடும் இருவரில் ஒருவருக்கு மணிக்கு அரை லீட்டர் வியர்க்க, மற்றவருக்கு ஒன்றேகால் லீட்டர் வியர்க்கலாம்.

தன் அளவை அறிய வீட்டில் உள்ள எடை பார்க்கும் இயந்திரமே போதும். ஓடுமுன் எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடி வந்ததும் வியர்வையைத் துடைத்து, ஈர உடையைக் களைந்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இடையில் குடித்ததையும் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும். புறப்படும்போது 70 கிலோ, திரும்பும்போது 69.1 கிலோ, வழியில் குடித்தது 400 மில்லிலீட்டர் என்றால், வியர்வையாகப் போனது 1.3 லீட்டர். ஓட்டம் ஒன்றரை மணி நேரம் நீடித்திருந்தால் மணிக்கு ஏறக்குறைய 870 மில்லிலீட்டர். ஜனவரியில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை இதைச் செய்துபார்ப்பவருக்கு ஆண்டு முழுவதற்குமான விடை கையில் வந்துவிடும்.

வியர்த்ததை முழுவதும் ஓடும்போதே குடித்து ஈடுகட்ட வேண்டும் என்று எண்ணுவது தவறு, ஆபத்தும்கூட. 2002 பாஸ்டன் மரதனில் ஓடிமுடித்த 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அந்த ஆய்வு 2005இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்கள், அதாவது இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள், அந்தக் குழுவில் முன்னால் நின்றார்கள். அளவு மீறிய தண்ணீர் சோடியத்தை நீர்க்கச் செய்து மூளை வீக்கம் வரை கொண்டுபோகும், உயிரையும் எடுக்கும். தாகம் எடுக்கும்போது குடிப்பது என்ற எளிய விதியைத்தான் 2015இல் கூடிய பன்னாட்டு மருத்துவ வல்லுநர் குழுவும் பரிந்துரைத்தது. உடல் எடையில் இரண்டு சதவீதம் வரை குறைந்து வீடு திரும்புவதில் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கில்லை. மேலே கண்ட 70 கிலோக்காரர் 1.3 லீட்டர் வியர்த்தாலும், கையில் அரை லீட்டர் இருந்தால் நிம்மதியாக ஓடி முடிப்பார்.

தமிழ்க் குடும்பங்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் பரவலாக உள்ளதால் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள் ஆகியோர் நீள ஓட்டத்தில் எவ்வளவு குடிப்பது என்பதைத் தங்கள் டொக்டரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்குத் தண்ணீர்ப் பையில் குளுக்கோஸ் வைக்கும் ஜிப் பொக்கெட் இருப்பதும் தண்ணீர் அளவுக்கு முக்கியம்.

வெயில் நாளில் கணக்கு மாறும். 2018 ஏப்ரல் 22ஆம் தேதி லண்டன் மரதன் அன்று வெப்பநிலை 24.1 பாகைக்கு ஏறியது. பின்னால் வந்தவர்களுக்குச் சில நிலையங்களில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. மேற்கு லண்டனில், சவுத்தாலுக்கு அடுத்துள்ள ஹீத்ரோவில் 2022 ஜூலை 19 அன்று 40.2 பாகை பதிவானது. அப்படிப்பட்ட நாளில் எந்தப் போத்தலும் போதாது. ஓட்டத்தைத் தள்ளிப்போடுவதுதான் சரி.

சவுத்தாலைச் சுற்றி எங்கே கிடைக்கும்?

சவுத்தாலில் நீள ஓட்டம் என்றால் அது பெரும்பாலும் கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரைதான். ஊரின் தென்மேற்கு மூலையில், புல்ஸ் பிரிட்ஜ் என்ற இடத்தில் கால்வாய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே திரும்பி நோர்த்தோல்ட், கிரீன்ஃபோர்ட், பெரிவேல், அல்பேர்ட்டன் வழியாக லிட்டில் வெனிஸ் போய்ச் சேரும். 1801இல் திறக்கப்பட்ட இந்தப் பாடிங்டன் கிளையின் நீளம் 13.5 மைல், ஏறக்குறைய 22 கிலோமீட்டர். வழியில் ஒரு மதகுகூடக் கிடையாது. பாதை மட்டமாகவே போகும். பிரதான கால்வாயோ கிழக்கே நோர்வூட்டைக் கடந்து, ரயில் பாதையும் கால்வாயும் சாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடக்கும் த்ரீ பிரிட்ஜஸ் பக்கம் வந்து, ஹான்வெல்லின் ஆறு மதகுகளில் 16 மீட்டர் இறங்கி, பிரென்ட்ஃபோர்டில் தேம்ஸைச் சேர்கிறது.

தண்ணீரை ஒட்டியே போகும் இந்தப் பாதையில் குடிக்கத் தண்ணீர் அரிது. கால்வாய் நீரை வாயில் வைக்கவே கூடாது. எலிக்காய்ச்சல் என்று நம் ஊர்களில் சொல்லும் நோயின் கிருமி இதில் இருக்கலாம். படகுகளின் எண்ணெய்க் கழிவும் கலந்திருக்கும். மலையேறுபவர்கள் கொண்டுபோகும் வடிகட்டி எண்ணெய்க்கு உதவாது. போத்தல் தவறிக் கால்வாயில் விழுந்தால், வீட்டில் சவர்க்காரம் போட்டுக் கழுவும்வரை அதிலிருந்து குடிக்கக் கூடாது. கரையோரம் தென்படும் தண்ணீர்க் குழாய்கள் படகுக்காரர்களுக்கானவை. பலவற்றைத் திறக்க அவர்களிடம் உள்ள சாவி வேண்டும்.

நம்பக்கூடியவை கடைகள். புல்ஸ் பிரிட்ஜில் கால்வாயை ஒட்டியே பெரிய சூப்பர்மார்க்கெட் உள்ளது. பாடிங்டன் கிளையில் ஏறக்குறைய பாதி வழியில், அல்பேர்ட்டனில் ஈலிங் ரோட் கால்வாயைக் கடக்கிறது. பாலத்தின் மேலே ஏறினால் குஜராத்திக் கடைகளும் தமிழ்க் கடைகளும் வரிசையாக வரும். தண்ணீர் மட்டுமல்ல, வாழைப்பழமும் கிடைக்கும். ஈலிங் ரோட் இருப்பதை நினைவில் வைத்தால், 22 கிலோமீட்டர் ஓட்டம் தண்ணீர்க் கணக்கில் இரண்டு 11 கிலோமீட்டர் ஓட்டங்களாகிவிடும், சுமையும் பாதியாகும். அதற்கு வேண்டியது ஒரு வங்கி அட்டை. போத்தலைப் போலவே அட்டைக்கும் நனையாத இடம் வேண்டும்.

சவுத்தாலுக்குள், முன்பு ஹாவ்லொக் ரோட் எனப்பட்ட குரு நானக் ரோட்டில் உள்ள குரு சிங் சபா குருத்வாராவில் தலையை மூடி, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் எவருக்கும் தண்ணீரும் சாப்பாடும் உண்டு. ஓட்டத்தின் நடுவே அவசரமாக நுழையக் கூடிய இடம் அது இல்லை. ஓட்டத்தை அங்கே முடித்துக்கொள்பவருக்குப் பொருந்தும். ஜூன் மாதத்தில் குரு அர்ஜனின் நினைவாகச் சீக்கியர்கள் தெருவோரம் சபீல் என்னும் தண்ணீர்ப் பந்தல் போடுவதும் உண்டு. தெற்கே ஒஸ்டெர்லி பூங்காவில் நேஷனல் டிரஸ்டின் தேநீர்க்கடை திறந்திருக்கும் நேரத்தில் நிரப்பிக்கொள்ளலாம். பூங்காக்களில் உள்ள குடிநீர்க் குழாய்களைக் குளிர்காலத்தில் அடைத்துவைப்பதுண்டு என்பதால், நவம்பர் முதல் மார்ச் வரை அவற்றை நம்பிப் புறப்படுவது நல்லதல்ல.

கையில்

மிக எளியது கைப்போத்தல். 350 முதல் 500 மில்லிலீட்டர் வரை கொள்ளும் போத்தலைப் புறங்கையோடு ஒரு பட்டி பிடித்துக்கொள்ளும். நல்ல கைப்போத்தலின் அடையாளம், விரல்களை முழுவதும் விரித்தாலும் அது விழாமல் இருப்பது. பட்டி தளர்ந்திருந்தால் ஓடுபவர் தன்னை அறியாமல் போத்தலைப் பற்றிக்கொள்வார். ஐந்தாறு கிலோமீட்டரில் முன்கை இறுகும்; பிறகு முழங்கை உடம்போடு ஒட்டும்; கடைசியில் அந்தப் பக்கத் தோள் காதை நோக்கி உயரும். கழுத்துவலி என்று சொல்லி வருபவர்களில் சிலருக்குக் காரணம் இந்தப் பட்டிதான். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கை மாற்றினால் தோள்களுக்குச் சுமை சமமாகும்.

கையில் இருக்கும் தண்ணீர் அடிக்கடி குடிக்க வைக்கும். வெயிலில் தலையில் ஊற்றிக்கொள்ளவும் வசதி. ஆனால் கால்வாய்ப் பாலங்களின் கீழே பாதை குறுகி, எதிரே சைக்கிள் வரும்போது இரு கைகளும் காலியாக இருப்பது பெரிய பாதுகாப்பு. தடுக்கி விழுந்தாலும் போத்தல் பிடித்த கையை ஊன்ற முடியாது. ஆகவே 12 கிலோமீட்டருக்கு உட்பட்ட, பகல் வெளிச்சத்தில் ஓடும் ஓட்டத்துக்கு மட்டும் கைப்போத்தல் தகும். விலையிலும் இதுதான் மலிவு.

இடுப்பில்

குடத்தை இடுப்பில் வைத்து நடந்த பெண்கள் அறிந்த உண்மை, எடை இடுப்பெலும்பில் உட்கார்ந்தால் உடம்பு அதைச் சுமையாக எண்ணாது என்பது. பட்டியும் அப்படித்தான் உட்கார வேண்டும். தொப்புளுக்கு நேரே இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டும், வயிறு குமட்டும். கீழே இறக்கி இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்டினால் அதிகம் இறுக்காமலே நிற்கும். தொந்தி உள்ளவர்களுக்குப் பட்டி மெல்ல மெல்ல மேலேறி வந்துவிடும். அவர்கள் இம்முறையோடு போராடாமல் அடுத்ததற்குப் போவது நல்லது.

பட்டியில் இரண்டு வகை. முதுகுப் பக்கம் சாய்வாக ஒரு அரை லீட்டர்ப் போத்தல் செருகுவது ஒன்று. இடுப்பைச் சுற்றி 200, 250 மில்லிலீட்டர்ச் சிறு போத்தல்கள் மாட்டுவது மற்றது. சிறு போத்தல்களில் எடை இரு பக்கமும் பிரிவதால் ஆட்டம் குறைவு. ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் உப்புக் கலந்த பானம் என்று பிரித்து வைக்கவும் முடியும். அண்மைக் காலத்தில் வந்துள்ள அகலமான இழுபடும் துணிப் பட்டி இவ்விரண்டையும்விட நல்லது. அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு மென்போத்தலைச் செருகினால், கொக்கியோ மேடோ இல்லாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றரை மணி முதல் இரண்டேகால் மணி வரை ஓடுபவருக்கு இது தாராளமாகப் போதும்.

நெஞ்சில்

மென்போத்தல், கடைகளில் சாஃப்ட் ஃப்ளாஸ்க், என்பது குடிக்கக் குடிக்கச் சுருங்கும் மெல்லிய பிளாஸ்டிக் பை. உள்ளே காற்றுக்கு இடமில்லாததால் தண்ணீர் குலுங்காது. பாதி காலியான சாதாரணப் போத்தல் எழுப்பும் சளக் சளக் ஓசையை இரண்டு மணி நேரம் கேட்டவருக்கு இதன் அருமை புரியும். இரண்டு அரை லீட்டர் மென்போத்தல்களை நெஞ்சின் இரு பக்கமும் செருகி, கையில்லாச் சட்டைபோல் அணிவதுதான் ரன்னிங் வெஸ்ட். எடை உடம்போடு ஒட்டி, இரு தோள்களிலும் சமமாக விழுகிறது. குடிப்பதற்கு எதையும் கழற்ற வேண்டாம். தலையைச் சற்றுக் குனிந்தால் போதும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டங்களுக்கு இதைவிட வசதியான முறை இன்று கிடையாது. மலையோட்டக்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதற்கே மாறிவிட்டது வெறும் நாகரிகத்தால் நடந்ததல்ல.

வசதி முழுவதும் அளவில் இருக்கிறது. சட்டை அளவை வைத்து வெஸ்ட் வாங்கக் கூடாது; அக்குளுக்குக் கீழே நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து, அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். கடையில் காலி வெஸ்டைப் போட்டுப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. காலியாக இருக்கும்போது எல்லா வெஸ்டும் நன்றாகவே இருக்கும். இரண்டு போத்தலும் நிறைந்திருக்கும்போது பட்டிகளைச் சரிசெய்து, நின்ற இடத்திலேயே குதித்துப் பார்க்க வேண்டும். ஆழ்ந்து மூச்சிழுத்தால் விலா விரிய இடம் இருக்க வேண்டும். தண்ணீர் குறையக் குறைய வெஸ்ட் தளரும். ஓட்டத்தின் நடுவே ஒருமுறை பட்டியை இழுத்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு போத்தலை முழுவதும் குடித்துவிட்டு மற்றதைத் தொடுவது ஒரு பக்கத்தைச் சாய்க்கும். இரண்டிலும் மாறி மாறிக் குடிப்பதே முறை.

கொள்ளளவு ஐந்து லீட்டர் என்று எழுதிய வெஸ்ட் சவுத்தால் ஓட்டங்களுக்குப் போதும். அந்த எண் தண்ணீரைக் குறிப்பதில்லை, பைகளின் மொத்த இடத்தைக் குறிக்கிறது. மென்போத்தலின் வாயில் 28 மில்லிமீட்டர், 42 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகள் உள்ளன. அகன்ற வாயையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஜனவரிக் காலையில் கையுறையோடு, கடையின் கழிப்பறைக் குழாயடியில், துவண்டு விழும் ஒரு பையைப் பிடித்து நிரப்பிப் பார்த்தவர் மறுபடி குறுகிய வாயை வாங்க மாட்டார். நிரப்பியபின் மூடியைத் திருகும் முன் மேலுள்ள காற்றை அமுக்கி வெளியேற்றிவிட வேண்டும்.

முதுகில்

1980களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சாஸில் மைக்கேல் எய்ட்சன் என்ற சைக்கிள் வீரர், கடும் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் ஓட்டத்துக்காக, மருத்துவமனைகளில் சேலைன் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் போட்டு முதுகில் கட்டிக்கொண்டார். அவசர மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவர் அவர். கேமல்பேக் பிறந்தது அப்படித்தான். ஒன்றரை, இரண்டு லீட்டர் கொள்ளும் தண்ணீர்ப்பையும் வாய்வரை வரும் குழாயும் அந்த வழியில் வந்தவை.

நான்கு மணி நேரம் குழாயே இல்லாத மலைப்பாதைக்கு அது வேண்டும். சவுத்தாலுக்கு வேண்டாம். எவ்வளவு மீதி உள்ளது என்று கண்ணுக்குத் தெரியாது, நிரப்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், முதுகு வெந்துபோகும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், நிரப்பியபின் பையைத் தலைகீழாகப் பிடித்துக் குழாய்வழியே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் குலுங்கல் நின்றுவிடும். உறைபனிக் காலையில் குழாய்க்குள் தண்ணீர் கட்டியாகும். ஒவ்வொரு தடவை குடித்தபின்னும் உள்ளே ஊதி நீரைப் பைக்குள் திருப்பி அனுப்புவது அதற்கு மருந்து.

உராய்வு

எந்த முறையானாலும் தோலில் உரசும் இடங்கள் இருக்கும்: வெஸ்டில் கழுத்தோரமும் அக்குளும், பட்டியில் முதுகின் அடிப்பகுதி. புறப்படுமுன் வாசலின் தடவுவது காக்கும். பருத்திச் சட்டை நனைந்தால் உப்புத்தாளாக உரசும். வியர்வையை உறிஞ்சிக் காயும் துணியே தகும்.

பெண்களுக்கு இங்கே கூடுதல் கவனம் வேண்டும். ஆண்களுக்கென்று வடிவமைத்த வெஸ்டில் போத்தல்கள் மார்பின் மேல் அழுத்தும். போத்தல்களைத் தாழ்வாக, விலாவோரம் வைத்து, உறிஞ்சுகுழாயோடு வரும் பெண்கள் வெஸ்டுகள் உள்ளன. ஓடும்போது அணியும் அதே உள்ளாடையோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டின் பட்டிகளும் ஒரே கோட்டில் விழுந்தால் அந்த இடம் புண்ணாகும். தாலிக்கொடியைக் கழற்றாமல் ஓடுபவர்கள் பலர். தடித்த கொடி வெஸ்டின் பட்டிக்கு அடியில் அகப்பட்டால் ஒரு மணி நேரத்தில் கழுத்து சிவந்துவிடும். அவர்களுக்கு இடுப்புப் பட்டியே ஏற்றது. வெஸ்ட்தான் வேண்டுமென்றால் கொடியை உள்ளாடைக்குள் தாழ்த்தி, மேலே கழுத்து மூடிய சட்டை அணியலாம்.

பராமரிப்பு

லண்டன் குழாய்த்தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். கேத்திலில் படியும் வெள்ளைப் படிவு போத்தலின் வாயடைப்பிலும் படிந்து, கடித்து விட்டபின் மூடாமல் ஒழுக வைக்கும். எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் கரைந்துவிடும். இனிப்புப் பானம் ஊற்றியதை அன்றே கழுவாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். குழந்தைகளின் பாற்போத்தலுக்குப் போடும் கிருமிநீக்கி மாத்திரை இதற்கும் உதவும். கழுவியபின் உள்ளே ஒரு மரக்கரண்டியைச் செருகிப் பையை விரித்துக் காயவிட வேண்டும்.

ஓட்டத்துக்கு ஏற்ற தேர்வு

சவுத்தால் பூங்காவைச் சுற்றியும் ஒஸ்டெர்லியிலும் ஓடும் சிறு ஓட்டங்களுக்கு வெறுங்கை. ஹான்வெல் மதகுகள் வரை போய்வர ஒரு கைப்போத்தல் அல்லது இடுப்புப் பட்டி. செப்டம்பரில் நடக்கும் ஈலிங் அரை மரதனில் வழியில் தண்ணீர் தருவார்கள். நிலையங்களில் நின்று குடிக்க முடிந்தவருக்கு ஒன்றும் தேவையில்லை. பாடிங்டன் கிளை முழுவதற்கும் இரண்டு மென்போத்தலோடு வெஸ்ட். குளிர்காலத்தில் அவற்றில் ஒன்றைக் காலியாகவே கொண்டுபோகலாம். புதிதாக வாங்கியதை நோர்த்தோல்டில் நோர்த்தாலா மேடுகளில் முதலில் சோதிப்பது நல்லது. பழைய வேம்பிளி அரங்கின் இடிபாடுகளையும் கொட்டி எழுப்பிய அந்த நான்கு குன்றுகளும் கால்வாய்க்குப் பக்கத்தில்தான். மட்டமான கரையில் ஆடாத பட்டியும் இறக்கத்தில் ஆடும். குறை இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

பர்மிங்ஹாமிலிருந்து லிட்டில் வெனிஸ் வரை 145 மைல் ஓடும் கிராண்ட் யூனியன் கால்வாய்ப் போட்டி புல்ஸ் பிரிட்ஜில் திரும்பி இதே கிளையில்தான் முடிகிறது. அத்தகைய நெடும்போட்டிகளில் குறைந்தபட்சம் எவ்வளவு தண்ணீர் சுமக்க வேண்டும் என்று விதி இருப்பதுண்டு. ஆல்ப்ஸ் மலையின் யூடிஎம்பி போட்டியில் அது ஒரு லீட்டர். கூடவே சொந்தக் குவளையும் கொண்டுவர வேண்டும். பெயர் கொடுக்குமுன் விதியைப் படித்து, அதற்கேற்ற கொள்ளளவை வாங்க வேண்டும்.

ஒருவழி ஓட்டமாக லிட்டில் வெனிஸில் முடிப்பவர்கள் திரும்பிவரத் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை. நடந்துபோகும் தூரத்தில் உள்ள பாடிங்டன் ரயில் நிலையத்தில் இலவசக் குடிநீர்க் குழாய் உண்டு. அங்கிருந்து எலிசபெத் லைன் ரயில் ஏறக்குறைய 20 நிமிடத்தில் சவுத்தாலுக்கு வந்துவிடும்.